தென்புறநகரின் ஒரே மனுதாரர்

மனித குல முன்னேற்றத்தில் மூன்று பெரும் பாய்ச்சல்கள் உண்டு. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, 2005-ஆம் ஆண்டு தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையில், ஒரு பீரோ கடையின் மாடியில் நிகழ்ந்தது. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. மூன்றாவதைக் கண்டுபிடித்தவன் ஹேமநாத். ஒப்பந்த ஊழியன் என்பதால் அவன் பெயரையும் எந்தக் கல்வெட்டிலும் ஏற்றவில்லை. அந்த அநீதியைச் சரிசெய்வதே இந்த வரலாற்றின் நோக்கம்.

பீரோ கடை மாடியில் இயங்கியது 'தென்புறநகர்க் குடிநீர் மனுக்கள் ஒருங்கிணைப்பு மையம்'. பெயரைக் கவனமாகப் படிக்க வேண்டும். மையம் ஒருங்கிணைத்தது மனுக்களை, குடிநீரை அல்ல. குழாய் போடுவது வேறு துறை. ஆனால் மையத்தின் கையெழுத்து இல்லாமல் அந்தத் துறை கடப்பாறையைத் தொடாது. தொடாமலிருக்க அவர்களுக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்ததில் அங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கடப்பேரி, சிட்லபாக்கம், குரோம்பேட்டை என்று ஏழு ஊர்களிலிருந்து மாதாமாதம் ஏழு கோப்புகள் குறுந்தகட்டில் வந்து சேரும். ஒரு மனுவுக்கு ஒரு வரி. ஒருங்கிணைப்பு அதிகாரி சத்தியநாதன் ஒரு கோப்பைத் திறப்பார், படிப்பார், மூடுவார், டீ குடிப்பார். ஏழாவது கோப்பை மூடும்போது முதல் கோப்பு மறந்துவிடும். தென்புறநகரில் எத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை என்று தலைமையகம் கேட்டால், 'பரவலாக' என்று பதில் எழுதுவார்.

இந்த இருளில்தான் ஹேமநாத் விளக்கேற்றினான்.

"சார், இனிமே ஒவ்வொரு ஃபைலா தொறந்து மூட வேண்டாம். ஏழையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோத்து, ஒரே ஃபைல் மாதிரி புரோகிராம் படிச்சுகிட்டே போகும். கடப்பேரி முடியற எடத்துல சிட்லபாக்கம் தானா ஆரம்பிக்கும். நடுவுல நிக்கவே நிக்காது."

"ஊருக்கும் ஊருக்கும் நடுவுல எல்லை?"

"புரோகிராமுக்கு எல்லை தெரியாது சார். அதுக்கு எல்லாம் ஒரே ஓட்டம்."

சத்தியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் ஓடாத ஊரில் கோப்புகளாவது ஓடட்டும் என்று வாய்விட்டே சொன்னார். பிறகு, அதிகாரி அல்லவா, ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ஊர் ஃபைல் முதல்ல?"

"எது வேணா வைக்கலாம் சார். வித்தியாசம் கிடையாது."

"என்ன தம்பி இப்படிப் பொறுப்பில்லாம பேசறே?"

உடனே கூட்டம் கூட்டப்பட்டது. முறுக்கும் காபியும் வந்தன. கோப்புகளை எந்த வரிசையில் படிப்பது என்று மத்தியானம் வரை விவாதித்து, அந்தந்த ஊர் அதிகாரிகளின் பணி மூப்புப்படி படிப்பது என்று முடிவானது. கடப்பேரி அதிகாரி ஓய்வு பெறும் நிலையில் இருந்ததால் கடப்பேரி முதல் இடம் பெற்றது. அடுத்தது சிட்லபாக்கம். குரோம்பேட்டை அதிகாரி கோபித்துக்கொண்டு காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

சிட்லபாக்கத்துக்கு இரண்டாம் இடம் கிடைத்ததில் ஹேமநாத்துக்கு உள்ளூர ஒரு குஷி. அவன் வீடு அங்கேதான். ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தும் வாரம் இருமுறை வரும் லாரித் தண்ணீர்தான் கதி. அவன் மனைவி சரிதா பிரசவத்துக்குக் குன்றத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனவள், பிள்ளை பிறந்து, தொட்டிலும் போட்டு, பெயரும் வைத்தாகிவிட்டது, இன்னும் திரும்பவில்லை. "கைக்குழந்தையை வெச்சுகிட்டு நான் லாரி பின்னாடி ஓட மாட்டேன். குழாய் வரட்டும், வரேன்" என்று சொல்லிவிட்டாள். மகனுக்குச் சிரிக்கத் தெரிந்துவிட்டது என்பதை ஹேமநாத் தொலைபேசியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கும் அப்பனைக் கண்டால் குழந்தை வீறிட்டு அழுதது. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. குழாய் வர வேண்டும், சரிதா வர வேண்டும்.

ஆகவே, சிட்லபாக்கம் கோப்பில் எங்கோ அடியில் கிடந்த தன் மனுவை எடுத்து முதல் வரியாக வைத்தான். இதை ஊழல் என்று சொல்பவர்கள் கணினி அறிவு இல்லாதவர்கள். ஒரு வரியை வெட்டி இன்னொரு இடத்தில் ஒட்டுவதைக் கணினித் துறையில் 'எடிட்டிங்' என்பார்கள்.

நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, நிரலை ஓட்டினார்கள். ஏழு ஊர்களும் ஒரே ஓட்டமாக ஓடின. வரலாற்றிலேயே முதல்முறையாகத் தென்புறநகருக்கு ஒரு மொத்த எண்ணிக்கை கிடைத்தது. சத்தியநாதன் அதைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டு, அன்று டீக்குப் பதிலாகப் பாதாம் பால் வரவழைத்தார். மனுதாரர்களின் வீட்டுக்கு ஆய்வாளர்கள் புறப்பட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலை வேளையில், பீரோ கடை மாடிப்படியில் முதலில் மீன் வாசனையும் பிறகு ஒரு குரலும் ஏறி வந்தன. குரலுக்குச் சொந்தக்காரி குப்பம்மா. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, கடப்பேரியில் வாழ்க்கைப்பட்டு, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். கையில் மையத்தின் அறிவிப்பு.

"இங்க யாரு சார் கம்ப்யூட்டரு?"

ஹேமநாத் எழுந்து நின்றான்.

"இன்னா தம்பி இது? நான் மீன் விக்கறவ. என்னைக் கம்ப்யூட்டருன்னு போட்டுகீறீங்க. வூட்டுக்கு வந்த ஆளு, உன் சம்சாரம் சரிதா எங்கன்னு கேக்கறான். எனக்கு இன்னாய்யா சம்சாரம்? எங்கூட்டுக்காரு பக்கத்துலயே குந்திகினு கீறாரு. அவருக்கு ஒரே பேஜாராப் பூடுச்சு!"

ஹேமநாத் அறிவிப்பை வாங்கிப் பார்த்தான். 'குப்பம்மா, வயது 54, மீன் வியாபாரம், கடப்பேரிஹேமநாத், வயது 29, கம்ப்யூட்டர், மனைவி சரிதா, சிட்லபாக்கம்' என்று ஒரே வரியாக இருந்தது. கடப்பேரியின் கடைசி ஆளும் சிட்லபாக்கத்தின் முதல் ஆளும் ஒரே ஆளாகியிருந்தார்கள். வரிசையில் முன்னால் வந்து நின்றதால் வந்த வினை. பழைய இடத்திலேயே கிடந்திருந்தால் முழு ஆளாக இருந்திருப்பான்.

ஆய்வாளரின் குறிப்பும் பின்னால் இருந்தது. ஒரு மனுதாரருக்கு ஒரு குழாய்தான் என்பது விதி. இந்த மனுதாரருக்கு இரண்டு வீடுகள் இருப்பதால், இரண்டுக்கும் பொதுவாக நடுவில் குழாய் அமைக்கலாம். அளந்து பார்த்ததில் நடு என்பது சானடோரியம் ஸ்டேஷனில் தண்டவாளத்தின் மேல் விழுகிறது. ரயில்வேக்கு அனுமதி கேட்டு எழுதப்பட்டுள்ளது.

"தண்டவாளத்துல நான் எப்டி தம்பி தண்ணி பிடிக்கறது? ஒரு ட்ரெயினுக்கும் இன்னொரு ட்ரெயினுக்கும் நடுவுலயா?"

"கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா. நான் பிரிச்சுத் தரேன்" என்றான் ஹேமநாத்.

கடப்பேரிக் கோப்பைத் தட்டச்சு செய்த சம்பத்தைத் தொலைபேசியில் பிடித்தான். ஏழு ஊர்த் தட்டச்சர்களுக்கும் பயிற்சி கொடுத்தவன் சம்பத்தான்.

"கடைசி வரி அடிச்சுட்டு எண்டர் தட்டலையா நீங்க?"

"அடுத்த வரி இருந்தாத்தானே ஜி எண்டர்? வேலையே முடிஞ்சுது. அப்புறம் எதுக்குத் தட்டணும்?"

"தட்டலைன்னா பின்னாடி வர்ற ஃபைல் அதே வரியில வந்து ஒட்டிக்கும்."

"பின்னாடி எது வருது?"

"சிட்லபாக்கம்."

"அது என் ஏரியா இல்லையே ஜி. அவங்க எண்டரை அவங்கதான் தட்டிக்கணும்."

ஏழு கோப்புகளிலும் கடைசியில் எண்டர் இல்லை. ஏழு ஊர்கள் சந்திக்கும் ஆறு இடங்களில் ஆறு பேர் இன்னொருவரோடு கரைந்துபோயிருந்தார்கள். ஹேமநாத் சத்தியநாதனின் அறைக்கு ஓடினான். ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும், ஒரு கோப்பு முடியும் இடத்தில் நிரலே எண்டர் போட்டுக்கொள்ளும் என்று மூச்சிரைக்க விளக்கினான்.

"இரு, இரு. ஆறு மனு குறைஞ்சிடுச்சுன்னா சொல்றே?"

"ஆமா சார். தப்பா."

"ஒரு பள்ளம் தோண்டல. ஒரு குழாய் வாங்கல. ஆறு மனு குறைஞ்சிருக்கு." சத்தியநாதன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தம்பி, ஒரு டவுட்டு. ஃபைல் முடியற எடத்துல எண்டர் இல்லாததால ஆறு குறையுது. வரி முடியற எடத்துலயெல்லாம் எண்டர் இல்லைன்னா?"

ஹேமநாத் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"சும்மா ஒரு அறிவு வளர்ச்சிக்குக் கேக்கறேன்."

"ஒண்ணு... ஒண்ணுதான் சார் மிஞ்சும்."

"ஒண்ணு!" என்றார் சத்தியநாதன். அந்த வார்த்தையை அவர் உச்சரித்த விதத்தில் ஒரு பக்திமான் இருந்தார். "இதுக்குப் பேர்தான் தம்பி ஒருங்கிணைப்பு. நாம ஏழு ஃபைலைச் சேர்த்ததோட நின்னுட்டோம்."

"அவங்கல்லாம் தனித்தனி ஆளுங்க சார்."

"ஜனங்கள்ல பிரிவினை பார்க்கக் கூடாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் மனுவும் பாவம், அந்த மீன்காரம்மாவோட மாட்டிகிச்சு. அதை மட்டும் உருவி வெளிய தனி ஃபைலா வச்சுக்கோ. இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். மருமகப்பொண்ணு ஊர்லேருந்து வர வேண்டாமா?"

ஹேமநாத் நல்லவன். நல்லவர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் வெட்கமாக இருக்கும். அவனுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மகன் தன்னைக் கண்டு அழாமல் சிரிப்பது எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு வெட்கத்துக்கு அதிக இடம் இருக்கவில்லை. போய் உட்கார்ந்து, தன் வரியை உருவி எடுத்தான். எண்டர்களை எல்லாம் அகற்றும் கட்டளையை எழுதினான். அதற்கு நிமிட நேரம்கூடப் பிடிக்கவில்லை.

வெளியே வந்தபோது குப்பம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா தம்பி, பிரிச்சியா?"

"பிரிச்சுட்டேன்மா."

"நல்லா இருப்பே. புள்ள குட்டியோட நல்லா இருப்பே" என்று அவன் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்துவிட்டுப் போனாள். மீன் வாசனை சாயங்காலம் வரை அவன் முகத்தில் இருந்தது.

அந்த மாத அறிக்கையில் 'நிலுவை மனுக்கள்: ஒன்று' என்று எழுதி அனுப்பினார்கள். தலைமையகம் அதிர்ந்தது. பரங்கிமலைக்குத் தெற்கே இப்படி ஒரு செயல்திறனை அவர்கள் கண்டதில்லை. நேரில் பாராட்ட ஓர் உயரதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. கூடவே ஒரு சின்னக் குறிப்பு: மிச்சம் இருப்பது ஒரே மனு என்பதால், அந்த மனுதாரரையும் அன்றே நேரில் அழைத்து விசாரித்து முடித்துவிட்டால் நிலுவை பூஜ்யம் என்று அறிவித்துவிடலாம்.

சத்தியநாதன் மனுதாரருக்கு அழைப்பு அனுப்பச் சொன்னார். நிரலுக்குக் கள்ளம் கபடம் தெரியாது. மனுவில் என்னென்ன முகவரிகள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் அழைப்பை அச்சடித்தது. உறை ஒட்டிய ஊழியர்கள், ஒரு மனுதாரருக்கு இத்தனை வீடா, பெரிய பணக்காரராக இருப்பார் போல என்று பேசிக்கொண்டார்கள்.

இதற்குள் ஹேமநாத் வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது. குன்றத்தூருக்குப் பேசினான்.

"சரிதா, குழாய் வந்துடுச்சு. பெட்டியைக் கட்டு."

"நிஜமாவா? தண்ணி வருதா?"

"திறந்தா கொட்டுது. நாளைக்கு ஆபீஸ்ல விழா. குழந்தையைத் தூக்கிகிட்டு நேரா அங்கயே வந்துடு. என்னையும் மேடையில கூப்பிடுவாங்க. அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்."

விழா நாளன்று உயரதிகாரி வந்து மாலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே ஏதோ சத்தம். காவலாளி ஜெயவேலுவின் குரல் கேட்டது.

"இந்தாம்மா, எங்க எல்லாரும் ஏறிக்கினு வர்றீங்க? இன்னிக்கு ஒரே ஒரு மனுதாரரைத்தான் உள்ள வுடச் சொல்லிகீறாங்க."

"நாங்க ஒருத்தருதான்யா" என்றாள் குப்பம்மா. "லெட்டரைப் படிச்சுப் பாரு. எங்க எல்லார் பேரும் ஒரே பேரா கீது."

ஜெயவேலு படித்தான். முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது கூட்டம் அவனைத் தாண்டிவிட்டது. கடப்பேரி ஏறியது. அது முடிந்த படியிலேயே சிட்லபாக்கம் ஆரம்பித்தது. அதன் பின்னால் குரோம்பேட்டை. ஏழு ஊர்களும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நிற்காமல் உள்ளே ஓடி வந்தன. தன் நிரல் இவ்வளவு சுத்தமாக ஓடி ஹேமநாத் பார்த்ததே இல்லை.

"யார் இவங்கல்லாம்?" என்றார் உயரதிகாரி.

"மனுதாரர் சார்" என்றார் சத்தியநாதன்.

விசாரணை முறைப்படி தொடங்கியது. மனுதாரரின் பெயரைப் படிக்க ஆரம்பித்தார் சத்தியநாதன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து "நான்தான்" என்று குரல் வந்தது. காபி ஆறியது. உயரதிகாரி மாலையைக் கழற்றி வைத்தார். பெயர் முடிந்ததும், "சரி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தண்ணி" என்றார் மனுதாரர். அத்தனை தொண்டையிலிருந்தும் ஒரே சமயத்தில் வந்ததால் கீழே பீரோக்கள் கிணுகிணுத்தன.

அப்போதுதான் சரிதா, ஒரு தோளில் குழந்தையும் மறுகையில் பெட்டியுமாக, வாசலில் வந்து நின்றாள். ஹேமநாத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான்.

"என்னங்க, இவ்வளவு கூட்டம்? விழாவுக்கு வந்தவங்களா?"

"இல்ல, மனுதாரர்."

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான். கணக்குப்படி."

சரிதா கூட்டத்தைப் பார்த்தாள். "நம்ம எதிர்வீட்டு ரத்தினபாய் டீச்சர் இல்ல அது? அவங்களுக்கு இன்னும் குழாய் வரலையா? தெருவுக்கே வந்துடுச்சுன்னு இல்ல நினைச்சேன்?"

"நம்மளது மட்டும் தனி. நான் பிரிச்சு எடுத்துட்டேன்."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ரத்தினபாய் டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை, சர்ச்சுக்குப் போகும்போது உடுத்தும் வெள்ளைச் சேலையில் வந்திருந்தார். "உங்க வீட்டுக்கு வந்துடுச்சாப்பா? சந்தோஷம். கர்த்தர் பெரியவர்" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

சரிதாவின் முகம் மாறியது.

"நான் நிறைமாசமா இருந்தப்ப, லாரி வந்தா என் குடத்தையும் சேர்த்துத் தூக்கினது யாரு தெரியுமா? டீச்சர்தான். நாளைக்கு அவங்க குடத்தோட நம்ம கேட்டைத் தாண்டி லாரிக்குப் போவாங்க. நான் உள்ள நின்னு குழாயைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்க்கணுமா?"

"உனக்காகத்தானே சரிதா பண்ணேன்."

"எனக்காக என்னை ஏன் தெருவுலேருந்து பிரிச்சீங்க?"

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். குப்பம்மா நகர்ந்து இடம் விட்டாள். "இப்டி வா கண்ணு. புள்ளைய எங்கைல குடு." குழந்தை அவள் மூக்குத்தியைப் பார்த்துச் சிரித்தது. ஹேமநாத் மகனின் சிரிப்பை முதல்முறையாக நேரில் பார்த்தான்.

"விசாரணை ஆரம்பிச்சாச்சும்மா. இப்ப புதுசா ஆள் சேர முடியாது" என்றார் சத்தியநாதன்.

"நான் எங்க சார் புதுசா சேர்றேன்? ஒருத்தர்தானே? ஒருத்தரோட எத்தனை பேர் நின்னாலும் உங்க கணக்குல ஒருத்தர்தானே?"

இதற்குப் பதில் சொல்லும் விதி எதுவும் இல்லாததால் விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. மனுதாரர் வந்த மாதிரியே ஒரே ஓட்டமாகப் படியிறங்கிப் போனார். சரிதா கடைசியாக இறங்கினாள். "இவங்களுக்கு எப்ப வருதோ, அப்ப எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, குன்றத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

ஆனால் உயரதிகாரியை வெறுங்கையோடு அனுப்புவது மையத்தின் மரபு அல்ல. அன்று மாலையே சத்தியநாதன் சொல்லச் சொல்ல, ஹேமநாத் தன் கையாலேயே அந்த மாபெரும் சாதனை அறிக்கையைத் தட்டச்சு செய்தான். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. தென்புறநகரில் மனு செய்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவருக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. ஒருவருக்கு வந்துவிட்டது. ஆக, மக்களில் சரிபாதிப் பேருக்குக் குடிநீர் வழங்கப்பட்டுவிட்டது.

அந்தச் சரிபாதிதான் ஹேமநாத்.